டிஎஸ்பி12-இன் சாவி: ட்வினாக்ஸ் கேபிளைக் கழற்றிய கதை

சென்னைக்கு மேற்கே வாகன உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலை. பெயர் வேண்டாம். 2012 ஆகஸ்டில் எங்களை அவர்கள் கூப்பிட்டது சர்வர் மாற்றுவதற்கு. கேபிள் பற்றி யாரும் பேசவே இல்லை. ஓடிக்கொண்டிருந்தது ஐபிஎம்மின் பவர் 5 இயந்திரம், 520 மாடல். அதன் மேல் வி5ஆர்4 இயங்குதளம். அதற்கான ஆதரவு 2013 செப்டம்பர் 30-உடன் முடியவிருந்தது. புதிதாக பவர் 7, 720 மாடல் என்று முடிவாகி, விலை பேசி, ஆர்டரும் போய்விட்டது. அப்புறம்தான் பராமரிப்புப் பிரிவிலிருந்து ஒருவர் கேட்டார்: "டெர்மினல் கேபிளை இதுல எங்கே சார் சொருகுறது?"

சொருக இடமில்லை. அந்தக் கேபிளின் பெயர் ட்வினாக்ஸ். அதைச் சொருகும் அட்டை வேலை செய்ய ஐஓபி என்ற துணைச் செயலி அட்டை ஒன்று கூடவே இருக்க வேண்டும். பவர் 6 வரை அது இருந்தது. பவர் 7-இல் ஐபிஎம் அதை எடுத்துவிட்டது. ஆலையில் 43 டெர்மினல்கள் (திரையும் கீபோர்டும் மட்டும், கணக்கெல்லாம் சர்வரில்), 8 பிரிண்டர்கள், அத்தனையும் ட்வினாக்ஸில். சர்வர் மாற்றும் வேலை அந்தக் கேள்வியோடு கேபிள் மாற்றும் வேலையாகிவிட்டது.

ட்வினாக்ஸைப் பார்த்திராதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கேபிள் டிவி வயர் தடிமனில் இருக்கும். உள்ளே ஒன்றுக்குப் பதில் இரண்டு செப்புக் கம்பிகள், சுற்றிலும் கவசப் பின்னல். 1977-இல் ஐபிஎம்மின் சிஸ்டம் 34 கணினியுடன் வந்த 5250 வகை டெர்மினல்களுக்கான கேபிள் இது. 1988-இல், இந்த பவர் இயந்திரங்களின் முன்னோடியான ஏஎஸ் 400 வந்தபோதும் இதே கேபிள்தான். வேகம் வினாடிக்கு ஒரு மெகாபிட். கன்ட்ரோலர் பெட்டியின் ஒரு வாயிலிருந்து கிளம்பி, ஒரு டெர்மினலின் முதுகில் நுழைந்து வெளியே வந்து அடுத்ததற்குப் போகும். ஒரு வரிசையில் ஏழு கருவிகள் வரை கோக்கலாம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை ஒரு முகவரி எண். இரண்டு பேருக்கு ஒரே எண் அமைந்துவிட்டால் இருவருக்கும் நிம்மதி இருக்காது. கடைசிக் கருவியில் டெர்மினேஷன், அதாவது வரிசையின் முடிவை அடைக்கும் இணைப்பு, போட வேண்டும். நடுவில் யாராவது நாற்காலியை இழுத்துக் கேபிளைப் பிடுங்கிவிட்டால் அதற்கு அப்பால் இருக்கும் அத்தனை பேரின் திரையும் செத்துவிடும். ஆலையில் இதற்கு "சரம் அறுந்துபோச்சு" என்பார்கள். பொருத்தமான பேச்சு.

இதைப் பழையது என்று ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை. 1978-இல் இந்தியாவை விட்டுப் போன ஐபிஎம், 1992-இல் டாடாவுடன் கைகோத்துத் திரும்பி வந்தது. இந்த ஆலை கேபிள் போட்டது அதற்கு இரண்டு ஆண்டு கழித்து. அதற்குப் பின் சர்வர் மூன்று முறை மாறியது, கேபிள் மாறவில்லை. எண்ணெய்ப் புகை, தூசு, எலி எல்லாவற்றையும் பார்த்துவிட்டது. வேகமும் குறையில்லை. 24 வரி, 80 எழுத்து கொண்ட பச்சைத் திரைக்கு மொத்தம் 1920 எழுத்துகள்தான். அதற்கு ஒரு மெகாபிட் தாராளம். ஈதர்நெட் வந்தால் திரை பறக்கும் என்று நிர்வாகத்துக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். பறக்காது என்று முதல் கூட்டத்திலேயே நான் சொன்னேன். விற்க வந்தவன் இப்படியா பேசுவான் என்பதுபோல் என் முதலாளி பார்த்தார்.

இரண்டு மாற்றம், இரண்டு நாள்

எங்கள் திட்டத்தில் நல்ல முடிவு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைச் சொல்வேன்: புதிய சர்வர் பெட்டிக்குள்ளேயே கிடக்கட்டும், முதலில் பழைய சர்வரிலேயே எல்லாரையும் ஈதர்நெட்டுக்குக் கொண்டுவந்துவிடுவோம். பழைய பவர் 5-இலும் நெட்வொர்க் அட்டை இருந்தது, டெல்நெட் என்ற நெட்வொர்க் வழி இணைப்பில் 5250 திரை வரும். கேபிளையும் சர்வரையும் ஒரே நாளில் மாற்றினால், மறுநாள் ஏதாவது கோளாறு வரும்போது எது காரணம் என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரம் வாசலில் லாரிகள் நிற்கும். நிதிப் பிரிவுக்கு இது பிடிக்கவில்லை. பெட்டியைப் பிரிக்காமலே வாரண்டி ஓடுகிறதே என்று வருத்தம். நியாயமான வருத்தம்தான். ஆனாலும் பொங்கலுக்குக் கேபிள், சித்திரைக்கு சர்வர் என்று ஒப்புக்கொண்டார்கள். 2013 பொங்கல் திங்கட்கிழமை. முந்தின நாள் போகி ஞாயிறு. புதன் காணும் பொங்கல் வரை ஆலை மூடியிருக்கும். முழுசாக நான்கு நாள்.

அதற்கு முன் ஆறு வாரம் தரைவேலை நடந்தது. பழைய வரைபடம் இருந்தது, ஆனால் அதில் இருந்த சுவர்கள் பல இப்போது இல்லை. டோனர் என்ற, கேபிளில் ஒலி அனுப்பித் தேடும் கருவியை வைத்து ஒவ்வொரு சரத்தையும் தட்டித் தட்டித் தேடினோம். பொய்க்கூரைக்கு மேல் எங்கும் போகாத கேபிள்கள் ஒரு கட்டு கிடைத்தன.

தூரம்தான் முதல் பிரச்சினை. ட்வினாக்ஸ் 5000 அடி, ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் போகும். கேட் 6 கேபிளில் ஈதர்நெட்டுக்கு 100 மீட்டர்தான் எல்லை. வாசலில் இருக்கும் எடைமேடை, சர்வர் அறையிலிருந்து கேபிள் போகும் வழியில் 400 மீட்டர். வெப்பப் பதப்படுத்தும் ஷெட் 260. இரண்டுக்கும் 50 மைக்ரான் மல்டிமோட் ஃபைபர் போட்டோம். கிகாபிட்டில் 550 மீட்டர் வரை தாங்கும். ஃபைபருக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஒவ்வொரு ஐப்பசியிலும் இடி இறங்கும்போது கட்டடத்துக்குக் கட்டடம் ஓடும் செப்புக் கம்பி வழியாக மின்னல் அதிர்வு வந்து கன்ட்ரோலர் அட்டையைத் தின்றுவிடும். ஷெட்டுக்குத் தனி டிரான்ஸ்பார்மர் வேறு, அதனால் இரண்டு கட்டடங்களின் எர்த்தும் ஒன்றாக இருக்காது. கண்ணாடி இழைக்கு இந்தக் கவலைகள் கிடையாது.

ஷெட்டுக்குள் இன்னொன்றையும் கற்றோம். தூண்டல் முறையில் உருளைகளைச் சூடாக்கும் இயந்திரத்தை ஒட்டிச் சாதாரண கேட் 6 போட்டிருந்தார் கான்ட்ராக்டர். அந்த இயந்திரம் ஓடும்போதெல்லாம் நெட்வொர்க் ஸ்விட்சில் பிழை எண்ணிக்கை ஏறியது, நிறுத்தினால் நின்றது. கவசம் போட்ட ட்வினாக்ஸ் பதினெட்டு ஆண்டாக அதன் பக்கத்திலேயே சத்தமில்லாமல் இருந்திருக்கிறது. கேபிள் பாதையை எதிர்ச்சுவருக்கு மாற்றிய பிறகு சரியானது.

அலுவலகக் கட்டடத்தில் ஒரு தந்திரம் செய்தோம். புதிய கேட் 6 கேபிளையும், அவை வந்து சேரும் பலகையான பேட்ச் பேனலையும் முதலில் முடித்துவிட்டு, இரு முனையிலும் பாலன் என்ற சிறு கருவியை மாட்டி, ட்வினாக்ஸ் சிக்னலையே அந்தக் கேபிளில் ஓடவிட்டோம். எங்கள் பையன்கள் அதைக் குழந்தை என்ற பொருளில் பாலன், பாலமுருகன் என்றெல்லாம் கொஞ்சினார்கள். டிசம்பர் முழுக்கப் பழைய டெர்மினல்கள் புதிய கேபிளில் ஓடின, யாருக்கும் தெரியாது. பொங்கலன்று செய்ய வேண்டியது, பேனலில் பேட்ச் கார்டு என்ற குட்டைக் கேபிளைப் பிடுங்கி ஸ்விட்சில் சொருகுவதும் மேசையில் டெர்மினலை எடுத்துவிட்டுக் கணினியை வைப்பதும் மட்டுமே.

பெயரில் என்ன இருக்கிறது

இனிமேல்தான் நிஜமான வேலை. ஏஎஸ் 400 உலகில் ஒவ்வொரு திரைக்கும் ஒரு பெயர் உண்டு: டிஎஸ்பி01, டிஎஸ்பி02 என்று. பிரிண்டர்கள் பிஆர்டி01, பிஆர்டி02. ட்வினாக்ஸில் அந்தப் பெயர் வாய் எண்ணோடும் முகவரி எண்ணோடும் கட்டப்பட்டது. அதாவது, பெயர் ஓர் இடத்தைக் குறிக்கும். டிஎஸ்பி07 என்றால் ஸ்டோர்ஸ் கவுண்டர், இருபது ஆண்டானாலும் ஸ்டோர்ஸ் கவுண்டர்தான். திரையில் ஒருவர் நுழைந்தால் அவருடைய வேலைக்கு அந்தத் திரையின் பெயரே பெயராகிவிடும். எனவே எந்த நிரலும் "நான் எங்கே ஓடுகிறேன்?" என்று ஒரே கட்டளையில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

டெல்நெட்டில் வந்தால் இந்தக் கதை மாறிவிடும். நாமாகப் பெயர் கொடுக்காவிட்டால் சிஸ்டமே க்யூபேடெவ்0001, 0002 என்று வந்த வரிசையில் பெயர் கொடுக்கும். காலையில் ஒரு பெயர், சாப்பாட்டுக்குப் போய் வந்தால் வேறு பெயர். அந்தப் பெயர்களுக்கு நிரலைப் பொறுத்தவரை எந்த அர்த்தமும் இல்லை. முதல் சோதனையில் இந்தப் பிரச்சினைகூட வரவில்லை, ஏனென்றால் திரையே வரவில்லை. இப்படிப்பட்ட பெயர்களைத் தானாக எத்தனை உருவாக்கலாம் என்ற அமைப்பு மதிப்பு சுழியத்தில் இருந்தது. அதை மாற்ற அரை நிமிடம், கண்டுபிடிக்க அரை நாள்.

ஓய்வு பெற்றுவிட்ட பழைய புரோகிராமரைத் தேடிப் பிடித்தோம். ஐபிஎம்மின் ஆர்பிஜி நிரல் மொழியில் எழுதிய அந்தக் காலத்து ஆள். வெற்றிலைப் பெட்டியோடு வந்தார். மூல நிரல்கள் முழுவதிலும் டிஎஸ்பி என்ற எழுத்துகளைத் தேடச் சொன்னோம். 38 நிரல்களில் 61 இடம். டிஎஸ்பி07 என்றால் பிஆர்டி03-க்கு அனுப்பு. டிஎஸ்பி20 முதல் 24 வரை என்றால் டெஸ்பாட்ச் மெனுவைக் காட்டு. டெஸ்பாட்ச் திரைகளுக்கு மட்டும் தனி சப்சிஸ்டம் (சர்வருக்குள் வேலைகள் ஓடும் தனிப் பகுதி), அதற்குக் கூடுதல் முன்னுரிமை, அதுவும் பெயரை வைத்துத்தான். எதற்கு இப்படி எழுதினீர்கள் என்று கேட்டேன். "அப்போ ஸ்டோர்ஸ்ல உக்காந்தவன் ஸ்டோர்ஸ் வேலையைத்தான் செய்வான் தம்பி. ஆளைக் கேட்கணும்னு தோணலை" என்றார். எனக்கு அதில் குற்றம் சொல்ல எதுவும் கிடைக்கவில்லை.

இரண்டு வழி இருந்தது. ஒன்று, 61 இடங்களையும் திருத்துவது. இரண்டு, புதிய கணினிகளின் எமுலேட்டரில், அதாவது கணினியை டெர்மினல்போல் நடிக்கவைக்கும் மென்பொருளில், பழைய பெயரையே எழுதிவைப்பது. டிஎஸ்பி07 இருந்த மேசைக்கு வரும் கணினி டிஎஸ்பி07 என்றே சொல்லிக்கொண்டு நுழையட்டும். பொங்கலுக்கு ஆறு வாரமே இருந்தபோது நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். இப்போது கேட்டாலும் அதையே தேர்ந்தெடுப்பேன். ஆனால் அந்தப் பழைய பெயரை நம்பி வேறு என்னென்ன உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பாதிதான் தேடியிருக்கிறோம் என்று அப்போது தெரியவில்லை.

பிரிண்டர்கள் தனித் தலைவலி. அப்போதிருந்த கலால் விதிப்படி இன்வாய்ஸ் மூன்று பிரதி: வாங்குபவருக்கு அசல், லாரிக்கு இரண்டாவது, ஆலைக்கு மூன்றாவது. கார்பன் வைத்த தொடர்தாளில் அடித்தாக வேண்டியிருந்தது, லேசர் உதவாது. டெஸ்பாட்சில் லைன் பிரிண்டருக்குப் பதில் நெட்வொர்க் வசதியுள்ள டாட் மேட்ரிக்ஸ் வைத்துச் சோதித்தோம். முதல் தாள் கச்சிதம். இரண்டாவதில் எழுத்து ஓர் அங்குலம் மேலே. மூன்றாவதில் இரண்டு அங்குலம். நிரல் பக்கத்துக்கு 66 வரி என்கிறது, அங்குலத்துக்கு ஆறு வரி என்றால் 11 அங்குலம். தாளோ 12 அங்குலம். பழைய பிரிண்டரின் முகப்புப் பலகையில் யாரோ எப்போதோ 12 என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நிரலின் தவறை இத்தனை ஆண்டும் அந்தப் பிரிண்டர் மூடி மறைத்துக்கொண்டிருந்தது. 72 வரி என்று திருத்தினோம். எடைமேடைப் பிரிண்டரை மாற்றப் பணம் ஒதுக்கவில்லை. அதற்கு மட்டும் ட்வினாக்ஸை நெட்வொர்க்குக்கு மொழிபெயர்க்கும் ஒரு சிறு கேட்வே பெட்டி வைத்தோம்.

போகியிலிருந்து காணும் பொங்கல் வரை

அந்த நான்கு நாளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எல்லாம் நடந்தது. போகியன்று பழைய கேபிளை உருவி முற்றத்தில் குவித்தபோது காவலாளி, "கொளுத்திடலாமா சார்?" என்று சிரித்தார். செப்பின் விலை தெரிந்த ஸ்டோர்ஸ் ஆள் ஒருவர் அதைக் கேட்டுப் பதறிப்போனார். உருவ முடிந்ததை மட்டும் உருவினோம். கான்கிரீட் குழாய்க்குள் இறுகிப்போனதை இரு முனையிலும் வெட்டிச் சீட்டு கட்டி விட்டுவிட்டோம்.

வியாழன் காலை ஆறு மணி ஷிப்ட். எட்டு மணிக்குள் வந்த புகார்களில் முக்கால்வாசி கீபோர்டு பற்றியது. 5250 கீபோர்டில் நம் கணினியின் எண்டர் இருக்கும் இடத்தில் ஃபீல்டு எக்சிட் இருக்கும், ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போக. உண்மையான எண்டர், வலது கன்ட்ரோல் இருக்கும் இடத்தில். எங்கள் பையன் எமுலேட்டரில் கணினி வழக்கப்படி எண்டரை எண்டராகவே விட்டிருந்தான். கணக்குப் பிரிவில் பதினெட்டு ஆண்டாகக் குனிந்து பார்க்காமல் தட்டும் ஒரு அம்மா, முதல் கட்டத்தை நிரப்பிப் பழக்கத்தில் அந்த விசையைத் தட்ட, பாதி வவுச்சர் உள்ளே போய்விட்டது. அடுத்ததும் அப்படியே. "என் கையை இனிமே மாத்த முடியாதுப்பா, உன் மிஷினை மாத்து" என்றார். மாற்றினோம். கீபோர்டு வரைவுக் கோப்பு ஒன்றைச் செய்து எல்லாக் கணினிக்கும் போட்டோம். இதை டிசம்பரிலேயே அவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் பார்த்திருக்கலாம். உட்காரவில்லை.

வெள்ளிக்கிழமை பகல் மூன்று மணிக்கு ஸ்டோர்ஸிலிருந்து ஒரு போன். புதிதாகச் சேர்ந்த பையன். "சார், என் மெனுவுல ஒரு ஆப்ஷன் கூடுதலா வருது. கடன் வரம்பு விடுவிப்புன்னு போட்டிருக்கு. இது எனக்கா சார்?"

அவனுக்கு இல்லை. ஆலையில் அது ஒரே ஒருவருக்குத்தான், நிதி அதிகாரிக்கு. கடன் வரம்பு தாண்டிய வாடிக்கையாளருக்குச் சரக்கு போக வேண்டுமென்றால் அவர் அறையில், அவர் திரையில், அவர்தான் விடுவிக்க வேண்டும். அந்தத் திரையின் பெயர் டிஎஸ்பி12. எந்தத் திரைக்கு எந்த அதிகாரம் என்பது நிரலுக்குள் இல்லை, தனியாக ஒரு தரவுக் கோப்பில் ஒரு வரியாக இருந்தது. நாங்கள் தேடியது மூல நிரல்களை மட்டும். தரவுக் கோப்புகளை யாரும் தேடவில்லை.

ஆனால் ஸ்டோர்ஸ் கணினி எப்படி டிஎஸ்பி12 ஆனது? காலையில் அது மக்கர் செய்திருக்கிறது. எங்கள் டெக்னீசியன், நன்றாக ஓடும் வேறொரு கணினியிலிருந்து எமுலேட்டர் அமைப்புக் கோப்பைப் பென் டிரைவில் எடுத்து இதில் போட்டிருக்கிறான். எடுத்தது நிதி அதிகாரியின் கணினியிலிருந்து. அவர் திங்கள் வரை விடுப்பு. அவர் வேலையில் இருந்திருந்தால் அந்தப் பெயர் ஏற்கெனவே பயன்பாட்டில் இருப்பதால் சிஸ்டம் இரண்டாமவரை உள்ளே விட்டிருக்காது, அப்போதே தெரிந்திருக்கும்.

தவறாக எதுவும் விடுவிக்கப்படவில்லை. பதிவேட்டைப் பார்த்து உறுதி செய்தோம். பையன் கேட்டது அவனுடைய நேர்மை. டெக்னீசியனைத் திட்டுவதா என்று ஒரு பேச்சு எழுந்தது. நான் மறுத்தேன். ட்வினாக்ஸ் இருந்தவரை டிஎஸ்பி12 ஆக வேண்டுமென்றால் ஒருவர் நிதி அதிகாரியின் அறைக் கதவைத் திறக்க வேண்டும். சாவி அவர் கைப்பையில். கேபிள் மாறிய மறுகணமே அந்தச் சாவி, யார் வேண்டுமானாலும் நகலெடுக்கக்கூடிய ஒரு சிறு கோப்பாகிவிட்டது. அப்படி ஆக்கியவர்கள் நாங்கள், வடிவமைப்பில். அவன் அதை நகலெடுத்ததில் அன்றே தெரிந்தது.

அன்றிரவே ஓய்வு பெற்றவர் மறுபடி வந்தார். தரவுக் கோப்பில் திரைப் பெயர் இருந்த இடத்தில் பயனர் பெயர் வரும்படி மாற்றினார். தேடியதில் அதே போல் இன்னும் நான்கு அதிகாரங்கள் கிடைத்தன. ஒன்று, எடைமேடையில் எடையைக் கையால் திருத்தும் அனுமதி. அதுவும் கதவுக்குப் பின்னால் இருந்ததுதான். பிப்ரவரி முழுக்க 61 இடங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, யார் செய்யலாம் என்பது பயனர் கணக்குக்கும், எந்தப் பிரிண்டருக்குப் போகும் என்பது மட்டும் திரைப் பெயருக்குமாகப் பிரித்தோம். மூல நிரல் தொலைந்துபோன இரண்டு நிரல்களைப் புதிதாக எழுத வேண்டியிருந்தது.

சித்திரையில் சர்வர் மாற்றம் ஓர் இரவில் முடிந்தது. கேபிளை முன்கூட்டியே முடித்ததன் பலன் அன்றுதான் தெரிந்தது. 43 மேசைகளுக்கும் அது வெறும் முகவரி மாற்றம். ஒரே ஓர் உறுத்தல், கன்சோல் என்ற, சர்வரையே இயக்கும் தலைமைத் திரை. பழைய இயந்திரத்தில் கன்சோல் என்பது ட்வினாக்ஸின் முதல் வாயில் முதல் முகவரி. நெட்வொர்க் வழிக் கன்சோலுக்கு மாற, சேவைக் கருவிகளின் தனிக் கடவுச்சொல் வேண்டும். இயங்குதளத்தின் பாதுகாப்பு அதிகாரி கணக்குக்கும் இதற்கும் பெயர் ஒன்று, கடவுச்சொல் வேறு. யாருக்கும் நினைவில்லை. நல்லவேளையாக மார்ச்சிலேயே பழைய இயந்திரத்தில் ஒத்திகை பார்த்தபோது இது தெரிந்தது. உள்ளே நுழைய முடிகிற பாதுகாப்பு அதிகாரி கணக்கிலிருந்து ஒரு கட்டளையில் அதைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரலாம், கொண்டுவந்தோம். அதே இரவில் டெல்நெட்டையும் மறையாக்கம் செய்த 992 போர்ட்டுக்கு மாற்றினோம். டெல்நெட்டின் வழக்கமான 23-ஆம் போர்ட்டில் கடவுச்சொற்கள் மறையாக்கம் இல்லாமல் அப்படியே போகும். ட்வினாக்ஸில் ஒட்டுக்கேட்க யாரும் மெனக்கெட்டிருக்க மாட்டார்கள், ஸ்விட்ச் இருக்கும் கட்டடத்தில் அப்படிச் சொல்ல முடியாது.

உருவிய கேபிள் மே மாதம் வரை முற்றத்து ஓரத்தில் கிடந்து, பிறகு காயலான் கடைக்குப் போனது. கடைசியாக நான் போனபோது எடைமேடைக் கூண்டுக்குள் கேட்வே பெட்டிக்கும் பிரிண்டருக்கும் நடுவே மூன்று மீட்டர் ட்வினாக்ஸ் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. சர்வர் அறைச் சுவரில் திரைப் பெயர்ப் பட்டியல், லேமினேட் செய்து ஒட்டியிருந்தார்கள். புதிய லேப்டாப் வந்தால் அந்தத் தாளைப் பார்த்துத்தான் பெயர் வைக்கிறார்களாம். டிஎஸ்பி12-க்கு நேராக மட்டும் யாரோ சிவப்புப் பேனாவில், "இப்போ இது சும்மா பெயர்தான்" என்று எழுதியிருந்தார்கள்.